என் அம்மா நின்ற வரிசை

பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் எனக்கு வேலை. துணைவேந்தர் எதைத் திறந்துவைத்தார், எந்தத் துறைக்கு என்ன பாராட்டு வந்தது, இங்கே படித்துப் போனவர்கள் வெளியே என்ன சாதித்தார்கள் என்பதையெல்லாம் எழுதி மாதாமாதம் வளாகச் செய்தி மடலாக வெளியிடுவோம். மடல் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ஆபீஸில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் நான். திருவனந்தபுரத்துத் தமிழர்களில் பாதிப் பேர் அப்படித்தான். அடுத்தவர்களுடைய சாதனைகளை எழுதுவதில் எனக்கு ஒருநாளும் அலுப்பு வந்ததில்லை. ஏதோ ஒரு வகுப்பறையில் பின்பெஞ்சில் இருந்த பையன் எங்கேயோ விஞ்ஞானியாகிவிட்டான் என்று எழுதும்போது, நானே அவனுக்கு ஒரு கை கொடுத்த மாதிரி இருக்கும்.

சிறந்த பழைய மாணவருக்கு என்று ஆண்டுதோறும் ஒரு விருது கொடுப்பார்கள். ஒரு வருடம் அதற்கு என் பழைய ரூம்மேட்டின் பெயரைக் கொடுத்தது நான்தான். அவளைப் பற்றிய குறிப்பையும் நானே எழுதினேன். எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது பெங்களூரில் ஒரு அமைப்பு நடத்துகிறாள். மலைப்பகுதிகளிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளைக் கல்லூரிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பு. நல்ல வேலை. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

தேர்வுக்குழு சம்மதித்ததும் முதலில் நான்தான் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, நெசமாவா சொல்லுக?" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு, "அம்மாவக் கூட்டிட்டு வரணும் கேட்டியா. அம்மா முன்னால உக்காந்திருக்கணும்" என்றாள்.

அம்மா என்று அவள் சொன்னது என் அம்மாவை.

அவளுடைய அப்பாவுக்குப் பழவங்காடியில் பாத்திரக்கடை இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம் செய்த குடும்பம். மாடி வீடு, கார், வேலைக்கு ஆள். அந்த வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, சண்டை போட்டு, ஒரே ஊரில் வீடு இருந்தும் ஹாஸ்டலில் வந்து சேர்ந்தாள். அவள் பெட்டியில் இருந்த துணியில் பாதியை நான்தான் உடுத்தினேன். எனக்கு அது குறைச்சலாகத் தோன்றாதபடி கொடுக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. "இது எனக்கு இறுக்குது, நீ போட்டுக்கோ" என்பாள். இறுக்காது என்று எனக்குத் தெரியும்.

நான் மலையடிவார ஊரான வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கொழுந்து கிள்ளித்தான் என்னைப் படிக்கவைத்தாள். ஒரு விடுமுறைக்கு அவளை எங்கள் லயத்துக்குக் கூட்டிப் போனேன். தொழிலாளிகளுக்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. வழியிலேயே அவள் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. அம்மா உப்பு வைத்து எடுத்துவிட்டு, இரத்தம் நிற்கும்வரை அந்தக் காலைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, காந்தாரி மிளகாய் இடித்த சம்மந்தித் துவையலோடு கொடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வரத் தின்றாள். திரும்பும்போது அம்மா அவளுக்குத் தலைசீவிப் பின்னிவிட்டு, "நீயும் எம் மவதான், எப்ப வேணும்னாலும் வா" என்றாள். தன் அம்மா தன் தலையைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அன்று ராத்திரி என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு செமஸ்டரில் அவள் ஒரு தாளில் தோற்றாள். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள் என்று கட்டிலில் குப்புறக் கிடந்து அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

நான் எம்.ஏ. சேர வந்த அன்று அம்மாவும் உடன் வந்தாள். சான்றிதழ் சரிபார்க்க நான் உள்ளே போகும்போது, நிழலில் எங்காவது நில் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். வெளியே வர மதியமாகிவிட்டது. அம்மாவைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், பக்கத்துக் கட்டிடத்தின் வராந்தாவில் பெண்கள் நின்ற ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அது தற்காலிகத் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூவுக்கான வரிசை. மலையாளம் பேசத் தெரியுமே தவிர அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. சேலையையும் காலையும் பார்த்து யாரோ அந்தப் பக்கம் கைகாட்டிவிட்டிருக்கிறார்கள், இவளும் போய் நின்றுவிட்டாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "இது தூத்துப் பெருக்க வந்தவங்க வரிசைம்மா" என்றேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அம்மா, "இத யார்ட்டயும் சொல்லாண்டாம் மக்ளே" என்றாள்.

அவளிடம் இதைச் சொன்னபோது நானும் அழுதேன். இவ்வளவு தாண்டி நான் வந்துவிட்டேன், நீ ஒரு தாளைத் தாண்டமாட்டாயா என்று கேட்டேன். அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மறுமுறை தேறிவிட்டாள்.

விருது விழாவுக்கு அம்மா காலை பஸ் பிடித்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். தோட்டம் மூடிய பிறகு வித்துராவில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். என்னோடு நகரத்தில் வந்து இரு என்றால் கேட்பதில்லை. அன்றைக்கு நல்ல வெள்ளைச் சேலை, நெற்றியில் சந்தனம், கையில் ஒரு பொதி. "புள்ளைக்கு மரச்சீனி வத்தல். அங்க கெடைக்குமோ என்னமோ" என்றாள். அம்மாவை அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நான் போட்டோகிராபரோடு மேடைக்குப் பக்கவாட்டில் நின்றேன். குறிப்பெடுப்பது என் வேலை. அங்கிருந்து பார்த்தால் மேடையும் தெரியும், அம்மாவின் முகமும் தெரியும்.

அவள் பேச எழுந்தாள். மலையாளத்தில்தான் பேசினாள், இடையிடையே ஆங்கிலம். பட்டுச்சேலையில் இல்லை, கைத்தறியில் வந்திருந்தாள். எவ்வளவு எளிமை என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

மலையில் தொடங்கினாள். அதிகாலைப் பனி, முதுகில் கூடை, கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள். தன்னுடைய அமைப்பு வேலை செய்யும் ஏதோ ஒரு ஊரைச் சொல்கிறாள் என்று நினைத்துக் குறித்துக்கொண்டே போனேன். பிறகு "என் அம்மா" என்றாள். என் அம்மா அட்டைக்கடியோடு மலையிறங்கி வருவாள், உப்பு வைத்து எடுப்பாள், வீட்டில் மரச்சீனியும் மிளகாயும்தான் இருக்கும் என்றாள். நான் எழுதுவதை நிறுத்தினேன். அம்மா முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். தன் வீட்டைப் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு சேலைத்தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"இதே பல்கலைக்கழகத்தில் நான் சேர வந்த அன்று" என்று அவள் தொடங்கியதும் எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. போய் மைக்கைப் பிடுங்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அவள் முழுவதையும் சொன்னாள். வராந்தா, வரிசை, எழுத்துத் தெரியாத அம்மா. நான் அவளிடம் சொன்னதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்திருந்தாள். அவள் கதையில் அந்த அம்மா அழுதாள். மகள் அன்றைக்கே சபதம் எடுத்தாள், ஒருநாள் இந்த இடத்தில் மேடையில் நிற்பேன் என்று. அரங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்தார்.

அம்மா எழவில்லை. மேடையைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று சொன்னேனே என்பதுதான் அந்தப் பார்வை.

தேநீர் விருந்தில் அவளே எங்களைத் தேடி வந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், காலைத் தொட்டாள். பக்கத்தில் நின்றவர்களிடம், "என் ரூம்மேட்டோட அம்மா. எனக்கும் அம்மா மாதிரிதான்" என்றாள். மேடையில் அம்மா, கீழே இறங்கியதும் அம்மா மாதிரி.

அம்மா பொதியை அவளிடம் கொடுத்துவிட்டு, "உங்க அம்மைக்குச் சுகந்தானா மக்ளே? இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"கோயம்புத்தூர்ல, அண்ணன்கூட. சுகமா இருக்காங்க" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"பின்ன அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா" என்றாள் அம்மா. குத்தலாகச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் குத்தலாகப் பேச வராது. அதற்குள் யாரோ அவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வித்துரா பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது நான்தான் பேச்சை எடுத்தேன். "நான் அவள்ட்ட மட்டுந்தான்மா சொன்னேன். அதும் அவ அழுததுனால. இப்படிச் செய்வான்னு நெனக்கல."

"நீயும் தப்பாத்தான் நெனச்சிருக்க" என்றாள் அம்மா. "என்ன யாரும் அங்க கைகாட்டி விடல. நான் கேட்டுத்தான் போய் நின்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"தோட்டம் பூட்டப் போகுதுன்னு அப்பவே பேச்சு இருந்துச்சுல்லா. அங்க நின்ன ஒரு சேச்சிட்ட கேட்டேன், என்னத்துக்கு நிக்கிய, என்ன வேலன்னு. தூத்துப் பெருக்க ஆளெடுக்காங்க, உள்ளதான் வேலைன்னு சொன்னா. கெடச்சா உம் பக்கத்துலயே இருக்கலாம்னு நின்னேன். எனக்கு முன்னால கொஞ்சம் பேருதான் இருந்தாங்க. நீ வந்து கையப் புடிச்சு இழுத்துட்ட."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லாம்மா."

"உன் மொகத்தப் பாத்தேன். நான் இங்க தூத்துப் பெருக்க வந்தா உனக்கு நாணக்கேடா இருக்கும்னு தோணிச்சு. அதான் யார்ட்டயும் சொல்லாண்டாம்னேன்." பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "நான் அழவும் இல்ல. அந்தப் பிள்ள என்னத்துக்கு அழுதேன்னு சொல்லுகா?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை அவள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். அறைக்குள் கட்டில் முழுக்கப் பொன்னாடைகளும் பூச்செண்டுகளும் கிடந்தன. காபி சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதற்குள் அவளுக்கும் புரிந்திருந்தது.

"கோவமா இருக்கியா?"

"அது எங்கம்மா."

"எனக்கும் அம்மான்னு அவங்கதான சொன்னாங்க. நீயும் எம் மவதான்னு. நீ பக்கத்துல நின்ன."

"ஒனக்குத் தலை சீவி விட்டாங்க. அதுக்கு அவங்க பட்டதெல்லாம் ஒன்னோடதா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏட்டி, நீ ஒண்ணு புரிஞ்சுக்கோ. நான் போய்ப் பாத்திரக்கடைக்காரர் மகள்னு சொன்னா எவனும் நிமிந்துகூடப் பாக்க மாட்டான். எங்கம்மாவப் பத்தி என்ன சொல்ல? ஏசில உக்காந்து சீரியல் பாக்காங்க. இந்தக் கதையச் சொன்னா அந்தப் பிள்ளைகளுக்கு உதவி வருது. அந்தப் பணத்த நானா எடுத்துக்கிட்டேன்? எத்தன பிள்ளைக படிக்குதுன்னு வந்து பாரு."

"இந்தக் கதையச் சொன்னா உதவி வருதா? நேத்துதான சொன்ன?"

அவள் ஒரு பொன்னாடையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"எப்பருந்து சொல்லிட்டிருக்க?"

"அமைப்பு தொடங்கினப்ப பெங்களூர்ல ஒரு கூட்டத்துல சொன்னேன்" என்றாள் மெதுவாக. "அப்பறம் எல்லா இடத்துலயும். அவங்களே கேக்க ஆரம்பிச்சிட்டாங்க."

இத்தனை வருடமும் அவள் எனக்குப் பிறந்தநாளுக்குப் போன் செய்திருக்கிறாள். அம்மா எப்படி இருக்காங்க என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறாள். அந்த விசாரிப்புக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அம்மாவைப் பற்றி ஒருத்தியிடமாவது பேச முடிகிறதே என்று, முட்டுவலி முதல் கோழி வளர்ப்பதுவரை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அதில் எதெல்லாம் எந்த ஊர் மேடையில் போயிற்றோ என்று அந்த அறையில் நின்றபடி யோசித்தேன். வரிசையில் நின்றதன் உண்மையான காரணம் என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கூட்டத்தில் அதுவும் வரும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா" என்றேன்.

"கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. நான் வெளியே வந்துவிட்டேன்.

செய்தி எழுத வேண்டுமே. விருது பெற்றவர், அவருடைய அமைப்பு, பாராட்டிப் பேசியவர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவின் டைரக்டர் வாசித்துவிட்டு, அந்த வரிசைக் கதை எங்கே என்று கேட்டார். அதுதான் தலைப்பாக வேண்டும் என்றார். கதவைச் சாத்திவிட்டு அவரிடம் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர்தான். முழுக்கக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதொக்கெ நிங்ஙள் தம்மிலுள்ள காரியமல்லே" என்றார். நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது, மேடையில் எல்லோர் முன்னாலும் சொன்னதை நாம் எப்படி விட முடியும், துணைவேந்தருக்கே பிடித்துப்போன விஷயம் என்றார். நான் என் கண்ணால் பார்த்தது என்றேன். அவள் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாளே என்றார். பிறகு அவரே உட்கார்ந்து அந்தப் பத்தியைச் சேர்த்தார். மடல் வெளிவந்தபோது அந்தச் செய்திக்கு மேல் தொகுப்பு என்று போட்டு என் பெயர் இருந்தது. அடுத்த அட்மிஷன் நேரத்தில் வளாகத்து வாசலில் அவள் படத்தோடு ஒரு பேனரும் வைத்தார்கள். துப்புரவு வரிசையிலிருந்து விருது மேடைக்கு என்று பெரிய எழுத்தில். தினமும் அதன் வழியாகத்தான் ஆபீஸுக்குப் போனேன்.

அவள் அனுப்பிய குரல்செய்திகளை நான் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவள் அம்மாவுக்கே போன் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வித்துராவில் இருந்தபோது. அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அம்மா, எம்மேல வெறுப்பா இருக்கீங்களா?" என்று அவள் குரல் கேட்டது.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். "வெறுப்பு என்னத்துக்கு? நீ பிள்ளைகளப் படிக்க வைக்க. நல்ல காரியம். செய்யி" என்றாள். "ஆனா ஒண்ணு மக்ளே. இனிமே என்ன அம்மான்னு கூப்பிடாண்டாம். ஆன்ட்டின்னு கூப்பிடு, இல்லன்னா சேச்சின்னு கூப்பிடு. ஒனக்கு ஒரு அம்ம கோயம்புத்தூர்ல இருக்கால்லா. பெத்தவ உயிரோட இருக்கைல நீ கண்டவளையெல்லாம் அம்மான்னு ஊர்முழுக்கச் சொன்னா அவ கேட்டா சங்கடப்படுவாள்ல."

அம்மா, "வைக்கட்டா" என்று கேட்டு வைத்தாள். பிறகு மறுபடி அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் இரண்டு பேரையுமே கூப்பிடவில்லை. தன் அம்மாவிடமாவது பேசினாளா என்று எனக்குத் தெரியாது.

இது இத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். சென்ற வருடம் உதவித்தொகை பெற்ற மாணவர்களைப் பற்றி மடலில் எழுதுவதற்காக ஒரு பெண்ணிடம் பேசினேன். எங்கள் மலைப்பக்கத்துப் பெண், தமிழ்க்காரி. என்னிடம் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினாள். யாரைப் பார்த்துப் படிக்க ஆசை வந்தது என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். வாசலில் இருந்த பேனரைச் சொன்னாள். "அந்த மேடத்தோட அம்மா மாதிரிதான் மேடம் எங்கம்மாவும். எழுத்து தெரியாது. மேடம் பேசுன வீடியோவ எங்கம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன்."

அது மேடத்தின் அம்மா இல்லை என்றேன். என் அம்மா என்றேன். அம்மாவைக் கேட்டுக்கொண்டு, அந்த வரிசையில் ஏன் நின்றாள் என்பதை இப்போது இங்கே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் அவ்வளவு விரிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை. நானும் வித்துராக்காரிதான், அந்தச் சம்பவம் எங்களுக்கு நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மரியாதை தெரிந்த பெண். "அப்படியா மேடம்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு தன் மொபைலை எடுத்து, "அந்த வீடியோ எங்கிட்ட இருக்கு, அதுல மேடமே சொல்றாங்க. வேணும்னா அனுப்பட்டுமா" என்று கேட்டாள்.